ஆங்கிலத் திருப்புதல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முன்பு ஆங்கிலத்துக்கு இரண்டு தாள். இப்போது ஒரே தாள். 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. உரைநடை, செய்யுள், இலக்கணம், கடிதம் எல்லாம் அந்த ஒரே நாளில் வந்துவிடுகின்றன. திருப்புதல் தேர்வு நெருங்கியதும், சுற்றுக் கிராமங்களிலிருந்து திண்டிவனத்துக்கு பஸ் ஏறி வரும் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் என்றாலே கலக்கம். அந்தக் கலக்கத்தைக் கூட்டும் சில நம்பிக்கைகளை இங்கே சரிபார்ப்போம்.

நம்பிக்கை: தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 'ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்' முற்றிலும் புதிது.

உண்மை: தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் உவமைக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வகுத்துச் சொல்கிறது. தமிழ் வகுப்பில் உவமையும் உருவகமும் படித்த பிள்ளைக்கு சிமிலியும் மெட்டஃபரும் ஏற்கெனவே தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் தோரு தத் எழுதிய சவுக்கு மரக் கவிதை இருக்கிறது. மரத்தைச் சுற்றிய கொடியை அவர் மலைப்பாம்போடு ஒப்பிடுகிறார், அது உவமை. ஷேக்ஸ்பியர் உலகத்தையே நாடக மேடை ஆக்கிவிடுகிறார், அது உருவகம். மரக்காணம் பக்கம் சவுக்குத் தோப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கவிதை அந்நியமல்ல.

நம்பிக்கை: எதுகைதான் ரைம்; தற்குறிப்பேற்றம்தான் பர்சானிஃபிகேஷன்.

உண்மை: இங்கேதான் கவனம் தேவை. எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. ரைம் அடியின் இறுதியில் ஒலி ஒன்றுவது. நம் தொடைகளில் அதற்கு நெருக்கமானது இயைபு. மோனையும் அலிட்டரேஷனும் நெருங்கிய உறவு என்றாலும், ஆங்கிலத்தில் ஒலிதான் கணக்கு, எழுத்து அல்ல. 'சிட்டி' (city), 'கேட்' (cat) இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் ஆகா. வெவ்வேறு எழுத்தில் தொடங்கும் 'கேட்' (cat), 'கைட்' (kite) ஆகும். தற்குறிப்பேற்றம் இயல்பாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞர் தன் காரணத்தை ஏற்றுவது. காற்றில் அசையும் மதுரைக் கொடிகள் கோவலனை வரவேண்டாம் எனத் தடுப்பதாகச் சொல்லும் சிலப்பதிகாரம் போல. பத்தாம் வகுப்பில் கிப்ளிங்கின் கவிதையில் இயந்திரங்களே மனிதரைப் போலப் பேசுகின்றன. அது பர்சானிஃபிகேஷன்.

நம்பிக்கை: இலக்கண விதிகள் அத்தனையும் மனப்பாடமானால்தான் பிழையின்றி எழுத முடியும்.

உண்மை: நம் பிள்ளைகளின் பிழைகளில் பெரும்பகுதி, தமிழும் ஆங்கிலமும் வழி பிரியும் இடங்களில் வருகிறது. ஆங்கில ஆர்ட்டிகிளுக்கு ஈடாகத் தமிழில் தனிச்சொல் இல்லை. அதனால் அது விடுபடுகிறது. ரிப்போர்ட்டட் ஸ்பீச்சைப் பாருங்கள். "நாளை வருகிறேன்" என்றான் என்று நாம் சொல்லும்போது, பேசியவனின் சொற்கள் அப்படியே நிற்கின்றன. ஆங்கிலத்தில் 'நான்' 'அவன்' ஆகும், காலம் ஒரு படி பின்னே போகும், 'நாளை' 'மறுநாள்' ஆகும். இந்த மூன்று மாற்றங்களையும் தனித்தனியாகச் சரிபார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் அந்தப் பகுதியில் பயம் இருக்காது.

நம்பிக்கை: பாஸிவ் வாய்ஸ் தேர்வுக்கான வாக்கிய மாற்றம் மட்டுமே.

உண்மை: செய்தவர் யார் என்பதைவிட நடந்தது முக்கியமானால் ஆங்கிலம் பாஸிவை இயல்பாகவே எடுத்துக்கொள்ளும். மரக்காணம் உப்பளத்தை எடுத்துக்கொள்வோம். உவர்நீரைப் பாத்தியில் பாய்ச்சுகிறார்கள், வெயிலில் காயவிடுகிறார்கள், உப்பை வாருகிறார்கள் என்று நாம் சொல்வோம். இதையே ஆங்கிலத்தில் ஒரு செய்முறையாக எழுதினால் பாய்ச்சப்படுகிறது, காயவிடப்படுகிறது, வாரப்படுகிறது என்று போகும். இப்படி ஒரு பத்தி எழுதிப் பார்த்த பிள்ளைக்குப் பாஸிவ் எதற்கு என்பது விளங்கிவிடும்.

நம்பிக்கை: கைடில் உள்ள கடிதத்தையும் கட்டுரையையும் நெட்டுருப் போட்டால் போதும்.

உண்மை: கடிதத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியது அமைப்பை மட்டுமே: அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள், விளிப்பு, முடிப்பு. உள்ளடக்கம் கேள்விக்கேற்ப மாறும். நெட்டுருப் போட்டவர் கேள்வி சற்று மாறினாலும் திகைத்து நிற்பார். உங்கள் தெருவில் எரியாத விளக்கைப் பற்றி நகராட்சிக்கும், நேரத்துக்கு வராத பஸ்ஸைப் பற்றிப் போக்குவரத்துக் கழகத்துக்கும் எழுதிப் பழகுங்கள். பெரிய சொற்கள் வேண்டாம். எங்கே, எப்போதிலிருந்து, யாருக்குச் சிரமம், என்ன செய்ய வேண்டும் என்ற நான்குக்கும் எளிய வாக்கியங்களில் விடை இருந்தால் அது நல்ல கடிதம்.

நம்பிக்கை: திருப்புதல் என்றால் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது.

உண்மை: அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. மாணவர்களில் சிலர் ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தார்கள். சிலர் அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. வாசித்த உடனே 'எல்லாம் தெரிகிறது' என்று தோன்றுவதை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே பிள்ளைகளே, புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். பிறகு திறந்து திருத்துங்கள். ஒரே இரவில் முடிக்காமல் வாரம் முழுக்கப் பிரித்துச் செய்யுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அணி இலக்கணம் நடத்தும் நாளில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரு பாடவேளையைச் சேர்ந்து எடுங்கள். தமிழில் கற்றதை ஆங்கில வகுப்பிலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.