‘கியர் இல்லாத வண்டிதானே சார்!’

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், எனக்கு மட்டும் தலைவலி. கும்மிடிப்பூண்டியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. அந்த வாரம் தொடங்கி அப்பாக்கள் வரிசையாக வருவார்கள். கையில் ஸ்வீட் பாக்ஸ், பின்னால் பையன், வாசலில் குங்குமப் பொட்டுகூட அழியாத புது ஸ்கூட்டர். “நானூத்தி முப்பது மார்க் சார். சொன்ன மாதிரியே வண்டி எடுத்துக் குடுத்துட்டேன். பதினாறு முடிஞ்சிடுச்சு. கியர் இல்லாத வண்டிதானே, ஒரு எல்.எல்.ஆர். போட்டுடுங்க.”

முடியாது என்றால் முகம் சுருங்கிவிடும். “ஊர்ல எல்லாப் பசங்களும் ஓட்டுறாங்களே சார்? கடையிலயே சொன்னாங்களே?” விற்கிறவரிடம் போய்ச் சட்டம் கேட்டால் அப்படித்தான். புளி விற்பவனிடம் புளிக்குமா என்று கேட்ட கதை.

இருபது வருடமாக ஒரே பதிலைச் சொல்லி நாக்கு தேய்ந்துவிட்டது. இந்த முறை எழுதியே வைக்கிறேன். கத்தரித்து வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: பதினாறு வயதானால் கியர் இல்லாத வண்டி ஓட்டலாம்.

உண்மை: ஓட்டக் கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டப் பதினெட்டு வயது என்கிறது. பதினாறுக்கு ஒரே ஒரு விலக்கு: இன்ஜின் 50 சிசியைத் தாண்டாத இருசக்கர வண்டி. அந்த விலக்கில் கியர் என்ற பேச்சே கிடையாது.

பின்னே இந்தக் கதை எங்கிருந்து முளைத்தது? நெருப்பில்லாமல் புகையவில்லை. 1988இல் சட்டம் வந்தபோது அந்த இடத்தில் ‘கியர் இல்லாத’ என்றுதான் இருந்தது. 1994 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு 50 சிசி என்று மாற்றினார்கள். மாற்றி முப்பது வருடம் ஆகிவிட்டது. நம் டீக்கடைச் சட்டப் புத்தகம் மட்டும் இன்னும் பழைய பதிப்பிலேயே இருக்கிறது. லைசென்ஸில் ‘கியர் இல்லாத வண்டி’ என்று ஒரு வகை இன்றும் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பு. அது வண்டியின் வகையைச் சொல்கிறது. வயது விலக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, அந்த 50 சிசி வண்டி எங்கே? 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபோது அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருந்தது. இன்று அதே வீட்டிலிருந்து வரும் எக்ஸ்.எல். 100 வண்டிக்கு இன்ஜின் 99.7 சிசி. தாத்தா இன்னும் அதை ‘டி.வி.எஸ். ஃபிஃப்டி’ என்றே கூப்பிடுகிறார். கூப்பிடும் பெயரால் இன்ஜின் சுருங்கிவிடாது. ஸ்கூட்டி பெப் பிளஸ் 87.8 சிசி. ஆக்டிவா 109 சிசிக்கு மேல். புதிதாக ஒரு 50 சிசி பெட்ரோல் வண்டி வேண்டும் என்று பஜாரில் கேட்டுப் பாருங்கள். பழைய இரும்புக் கடைக்கு வழி காட்டுவார்கள். சட்டம் திறந்துவைத்த கதவு இருக்கிறது, அதில் நுழையத்தான் வண்டி இல்லை.

சில கெட்டிக்காரர்கள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டு 50 சிசிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுப்பது, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு 110 சிசியில் பறப்பது. ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் சைக்கிள் டோக்கன் வாங்கிக் காரை நிறுத்தினால் விடுவார்களா? ஓட்டுகிற வண்டிக்கு உரிமம் இல்லையென்றால், உரிமமே இல்லை என்றுதான் கணக்கு.

மாட்டினால் என்ன, ஃபைன் கட்டிவிடலாம் என்கிறீர்களா? 2019 திருத்தத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. ஒரு காபி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி. மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. “எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான்” என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் சம்மதத்தோடு எடுத்தான் என்றே நீதிமன்றம் முதலில் கொள்ளும். எல்.எல்.ஆர். வைத்திருக்கும் பிள்ளைக்கு இதில் விலக்கு உண்டு, ஆனால் அந்த எல்.எல்.ஆர். எந்த வண்டிக்கோ அந்த வண்டியை ஓட்டினால் மட்டும். 2024 மே மாதம் புணேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இரண்டு மென்பொறியாளர்கள் இறந்தார்கள். அந்த வழக்கில் பையனின் அப்பாவும் கைதானார். நாடே பார்த்தது.

அந்த 199ஏ பிரிவில் என்னை உலுக்குவது சிறைகூட இல்லை, இன்னொரு வரி. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆரும் இல்லை, லைசென்ஸும் இல்லை. நம் பக்கத்தில் இதற்கு என்ன பொருள் என்று யோசித்தீர்களா? சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வண்டியில் வீடு திரும்ப முடியாது. உணவு டெலிவரி வேலை கிடையாது. டாடா ஏஸ், வேன், லாரி எதிலும் சீட் கிடையாது. ஐ.டி.ஐ. முடித்த பையனுக்குப் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை ஏழு வருடம் வாசல் சாத்தப்படும். டியூஷனுக்கு நேரத்தோடு போகட்டும் என்று நீங்கள் கொடுத்த சாவிக்கு இந்த விலை.

சட்டம் கிடக்கட்டும், சாலைக்கு வருவோம். டிரைவிங் ஸ்கூலுக்கு முன்னால் பதினோரு வருடம் இரும்புக் கம்பி ஏற்றி டிரெய்லர் ஓட்டியவன் நான். இன்று என்னிடம் வருகிற ஒவ்வொரு பிள்ளையையும், நண்பர் ஒருவரின் யார்டில் நிற்கும் டிரெய்லர் கேபினில் ஏற்றி டிரைவர் சீட்டில் உட்கார வைப்பேன். அவன் ஏறிய பிறகு, அவன் வந்த வண்டியையே கிளீனர் சைடு கதவுக்கு ஒட்டினாற்போல் நிறுத்திவிட்டு, “என்ன தெரியுது?” என்று கேட்பேன். இரண்டு கண்ணாடியிலும் பார்ப்பான். கழுத்தை நீட்டிப் பார்ப்பான். “ஒண்ணும் இல்ல சார், கிளியரா இருக்கு.” இறங்கி வந்து பார் என்பேன். அவன் பள்ளிப் பை தொங்கும் அவன் வண்டியே அங்கே நிற்கும். சில பிள்ளைகள் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசுவதே இல்லை.

அடுத்த பாடம் திருப்பம். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் டிரெய்லர் தச்சூர் கூட்டுச்சாலையில் பொன்னேரிப் பக்கம் இடது திரும்ப வேண்டும் என்று வையுங்கள். நேராக இடது ஒடித்தால் பின்சக்கரம் நடைபாதை மேல் ஏறும். அதனால் டிரைவர் முதலில் முகப்பை வலது பக்கம் கொண்டுபோவார். பின்னால் வரும் ஸ்கூட்டர் பிள்ளை என்ன நினைப்பான்? வலது போகிறார், இடது காலியாகிவிட்டது என்று அந்தச் சந்தில் புகுவான். அடுத்த நொடி முகப்பு இடது திரும்பும். நடுவில் நீண்ட உடல் சந்தை மூடிக்கொண்டே வரும். பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாமல் உள்ளே வெட்டும். டிரைவருக்கு எதுவும் தெரியாது. ஊர் கூடி அவரைத்தான் அடிக்கும்.

கியர் இல்லாதது இங்கே எந்த விதத்தில் காப்பாற்றும்? சொல்லப் போனால் அதுதான் ஆபத்து. திருகினால் ஓடுகிறது என்பதால், வேகம் என்பதே வேலை வைக்காத பொருளாகிவிடுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி என்றால், பிரேக் பிடிக்கும் முன்பே 25 மீட்டர் போயாகிவிட்டது. ஒரு டிரெய்லர் நீளத்தைத் தாண்டும் தூரம் அது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கையைப் பாருங்கள்: விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்கச் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். மார்க்குக்குப் பரிசு கொடுக்க வேறு பொருளே கிடைக்கவில்லையா?

பெரிய பொய் முடிந்தது. சில்லறைப் பொய்களைச் சட்டென்று பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: பேட்டரி வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை.

உண்மை: மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், எடை பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குள் இருந்தால் மட்டும் தேவையில்லை. பச்சை நம்பர் பிளேட் மாட்டி 60, 70 என்று பறக்கும் வண்டி முழு மோட்டார் வண்டிதான். சத்தம் வராததால் சலுகையும் வராது.

நம்பிக்கை: எல்.எல்.ஆர். கையில் இருந்தால் பாதி லைசென்ஸ்.

உண்மை: அது கற்றுக்கொள்ள மட்டும் கொடுத்த சீட்டு, ஆறு மாதம் செல்லும். முப்பது நாளுக்குப் பிறகுதான் லைசென்ஸ் டெஸ்ட். முன்னும் பின்னும் 18 சென்டிமீட்டர் சதுரத்தில், வெள்ளையில் சிவப்பு ‘எல்’ இருக்க வேண்டும். காரில் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும். டூவீலரில் பின்னால் நண்பனை ஏற்றக் கூடாது. கற்றுக்கொடுப்பவர் மட்டும் உட்காரலாம்.

நம்பிக்கை: ஊருக்குள், ஏரிக்கரையில் ஓட்டினால் தப்பில்லை.

உண்மை: பொதுமக்கள் போக உரிமையுள்ள எந்த இடமும் சட்டத்தின் கண்ணில் பொது இடம். தெருவும் அதில் சேர்த்தி, ஏரிக்கரைப் பாதையும் சேர்த்தி.

நம்பிக்கை: என்ன ஆனாலும் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்.

உண்மை: லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால், அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடும் வழியை 2004இல் ஸ்வரண் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் காட்டிவிட்டது. வீட்டுப் பத்திரம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: கார் லைசென்ஸ் இருந்தால் பதினெட்டிலேயே டாடா ஏஸில் லோடு அடிக்கலாம்.

உண்மை: 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்குக் கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது உண்மை. சரக்கு, வாடகை வண்டிக்கு வயது இருபது என்பதும் உண்மை. முதல் பாதியை மட்டும் வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள்.

நம்பிக்கை: எட்டு போட்டுவிட்டான், ஓட்டத் தெரிந்துவிட்டது.

உண்மை: லைசென்ஸ் டெஸ்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கால் ஊன்றாமல் எட்டு போட்டால், எட்டு போடத் தெரியும் என்று அர்த்தம். அந்தத் திடலில் டிரெய்லர் வராது, மாடு குறுக்கே ஓடாது, ராங் சைடில் ஷேர் ஆட்டோ வராது. என் தொழிலையும் விட்டுவைக்கவில்லை நான்: கார் பயிற்சிக்குக் குறைந்தது 21 நாள், அதில் 10 மணி நேரமாவது ஸ்டியரிங் பிடித்து ஓட்ட வேண்டும் என்கிறது மத்திய விதி. ‘பத்தே நாளில் லைசென்ஸோடு’ என்று போர்டு வைப்பவர்களிடம் மீதிப் பதினோரு நாள் எங்கே என்று கேளுங்கள். 2021இல் வந்த அங்கீகாரப் பயிற்சி மைய விதியில் காருக்கு 29 மணி நேரம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இளம் வயதினர் 120 மணி நேரம் ஓட்டிக் கணக்குக் காட்ட வேண்டும், அதில் 20 மணி நேரம் இரவில்.

“அப்போ பதினாறு வயசுப் பிள்ளை எதில்தான் சார் போறது?” என்பீர்கள். அதற்கு அரசாங்கமே வண்டி கொடுத்திருக்கிறது. பதினோராம் வகுப்பில் விலையில்லா சைக்கிள். சரியாகப் பதினாறு வயதில், லைசென்ஸ் கேட்காத, பெட்ரோல் கேட்காத வண்டி. அதை நாம் என்ன செய்கிறோம்? மாடிப்படிக்கு அடியில் துருப்பிடிக்க விடுகிறோம், இல்லை பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறோம். சைக்கிளில் போனால் கௌரவக் குறைச்சலாம்.

சைக்கிள்தான் முதல் டிரைவிங் ஸ்கூல் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். இரண்டு வருடம் சைக்கிள் மிதித்த பிள்ளைக்குப் பின்னால் வரும் லாரியின் சத்தம் காதில் தெரியும், குழியை இருபது அடி முன்னாலேயே பார்ப்பான், திரும்பும் முன் கையை நீட்டுவான். அவனுக்கு நான் மூன்று நாளில் டூவீலர் சொல்லிக்கொடுத்துவிடுவேன். மிதிக்காமல் வருகிறவனுக்குப் பார்வையைத் தரையிலிருந்து தூக்கவே ஒரு வாரம் பிடிக்கும். ஆனால் சைக்கிள் போக இடம் வேண்டுமே? கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து சிப்காட் வரை சைக்கிளுக்கென்று தடுப்புக்கட்டை வைத்துப் பிரித்த பாதை போடுங்கள் என்று மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். கன்டெய்னருக்கு ரோடு போட இடமிருக்கிற ஊரில் சைக்கிளுக்கு ஆறு அடி இல்லையா?

ஸ்வீட் பாக்ஸோடு வருகிற அப்பாக்களுக்குக் கடைசியாக ஒன்று. ஸ்வீட்டை எடுத்துக்கொள்கிறேன், பையன் மார்க் வாங்கியது எனக்கும் சந்தோஷம்தான். விண்ணப்பத்தை மட்டும் ரெண்டு வருடம் கழித்துக் கொண்டுவாருங்கள். அதுவரை ஸ்கூட்டர் சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும், பையனோடு போய் அந்தச் சைக்கிளுக்கு ஒரு ஜோடி பிரேக் கட்டை மாற்றுங்கள்.