மலிவாகத் தெரியும் கப்பல் பங்கு

அந்தமானின் மின்னி பேயிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: ‘நாங்கள் சென்னைக்குப் போய்வரும் கப்பலை நடத்துவது ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா. அதன் பி.இ. விகிதம் குறைவாக இருக்கிறதே, வாங்கிப் போடலாமா?’

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நீங்கள் ஏறும் கப்பல்கள் பெரும்பாலும் அந்தமான் நிர்வாகத்துக்குச் சொந்தமானவை. கார்ப்பரேஷன் அவற்றை நடத்திக் கொடுக்கிறது. அதன் லாபம் ஏறுவதும் இறங்குவதும் எண்ணெய் டேங்கர்களுக்கும் சரக்குக் கப்பல்களுக்கும் உலகச் சந்தையில் கிடைக்கும் வாடகையால்தான். அந்த வாடகை எப்படி ஆடும் என்பதற்கு 2008 போதும்: சரக்குக் கப்பல் வாடகையைக் காட்டும் பால்டிக் டிரை குறியீடு அந்த மே மாதம் 11,793-ஐத் தொட்டது, டிசம்பரில் 663-க்கு விழுந்தது.

பங்கின் விலையை ஒரு பங்குக்கான ஓராண்டு லாபத்தால் வகுத்தால் வருவது பி.இ. வாடகை உச்சத்தில் இருக்கும்போது லாபம் பெருகும். அது நிலைக்காது என்று சந்தை சந்தேகிப்பதால் விலை அந்த அளவுக்கு ஏறாது. ஆகவே பி.இ. மிகக் குறைவாகத் தெரிகிற காலம் பல சமயம் சுழற்சியின் உச்சமாகவே இருக்கும். புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இந்தக் கம்பெனி 2011-12 முதல் தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் நஷ்டம் காட்டியது. 2022-23-இல் லாபம் 800 கோடி ரூபாய்க்கு மேல். மொத்தப் பங்குகள் சுமார் 46.58 கோடி, 800 கோடியை வைத்தால் பங்குக்கு ஏறக்குறைய 17 ரூபாய். உதாரணத்துக்கு விலை 200 என்றால் பி.இ. 12. நல்லதும் கெட்டதுமாகப் பல வருட சராசரி லாபம் 300 கோடி என்று வைத்துப் பாருங்கள். அதே விலைக்கு பி.இ. 31!

இணையதளங்கள் தரும் ‘பத்தாண்டு சராசரி பி.இ.’யையும் நம்பிவிடாதீர்கள். நஷ்ட வருடத்துக்குப் பி.இ. கிடையாது, மோசமான வருடங்களை விட்டுவிட்டுச் சராசரி போட்டிருப்பார்கள். லாபத்தைத்தான் சராசரி எடுக்க வேண்டும், நஷ்டத்தையும் கழித்து. பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும் 1934-லேயே வலியுறுத்திய முறை இது.

இன்னொன்று: நிலமும் கட்டடங்களும் தனிக் கம்பெனியாகப் பிரிந்து 2024 மார்ச்சில் பட்டியலாயின. பிரிவதற்கு முந்தைய விலையில் அந்தச் சொத்தின் மதிப்பும் கலந்திருந்தது. பழைய பி.இ.யை இன்றையதோடு அப்படியே ஒப்பிட முடியாது.

ஆண்டறிக்கைகள் கம்பெனியின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்து வருட லாப நஷ்டத்தை எழுதி, கூட்டி, வகுத்துப் பாருங்கள். அந்தக் கணக்கிலும் விலை மலிவாக வந்தால் மட்டும் வாங்குங்கள்.