மாட்டுண்ணியும் அதன் இனபேதங்களும்

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த அய்யம்பாளையத்தில் ஒருபுறம் தென்னந்தோப்புகளும், மறுபுறம் பெரும்பாறை, தாண்டிக்குடி நோக்கி ஏறும் மலைக்காடும் உள்ளன. இத்தகைய இடத்தில் காட்டில் மேய்ந்து திரும்பும் நாட்டு மாடும், கொட்டிலில் தீனி தின்னும் கலப்பினக் கறவைப் பசுவும் ஒரே வீட்டில் கட்டப்படுவது உண்டு. நாட்டு மாட்டின் மேல் நாலு உண்ணி இருப்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதே உண்ணியின் சந்ததி கலப்பினப் பசுவைப் பற்றுமாயின், கடுஞ்சுரமும் சிவந்த மூத்திரமும் கண்டு, சில தினங்களில் பசு மாளவும் கூடும். "உண்ணி எல்லாம் ஒன்றே" என்று எண்ணி மருந்து தெளிப்பவர் பணத்தை இழப்பதோடு பசுவையும் இழக்க நேரிடும். ஆகவே உண்ணியின் இனங்களைப் பகுத்தறிதல் குடியானவருக்கு இன்றியமையாதது.

குலமும் பெயரும்

உண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றைப்போல் வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள் உண்டு; குஞ்சுக்கு மாத்திரம் ஆறு. மாட்டைப் பற்றுபவை பெரும்பாலும் முதுகில் ஓடுடைய கடின உண்ணிகள். ஆணுக்கு இவ்வோடு முதுகு முழுவதையும் மூடும். பெண்ணுக்கோ முன்பாகத்தில் மட்டுமே உண்டு. ஆதலால்தான் பெண் உண்ணி இரத்தம் குடித்துச் சிறிய ஆமணக்கு விதையளவு பருக்க முடிகிறது.

நம் நாட்டு மாடுகளில் மிகுதியாகக் காணப்படும் உண்ணியின் சாஸ்திரப் பெயர் ரிப்பிசெபாலஸ் மைக்ரோப்ளஸ். இத்தாலிய அறிஞர் கனெஸ்ட்ரினி 1888-ல் இதனை முதன்முதல் வருணித்து, வேறொரு குலத்தில் சேர்த்திருந்தார். பின்னர் இது 'பூபிலஸ்' என்ற குலத்தில் வைக்கப்பட்டது. அச்சொல்லுக்கு 'மாட்டை விரும்புவது' என்று பொருள். 2003-ல் பூபிலஸ் குலம் ரிப்பிசெபாலஸ் குலத்துள் அடக்கப்பட்டது. எனவே பழைய நூல்களில் பூபிலஸ் மைக்ரோப்ளஸ் என்றிருப்பதும் இதுவே. ஆஸ்திரேலியாவிலுள்ள மாட்டுண்ணி நெடுங்காலம் இவ்வினமென்றே கருதப்பட்டு வந்தது. 2012-ல் அது தனியினமெனப் பிரிக்கப்பட்டது.

இதற்கு நெருங்கிய உறவான அனுலேட்டஸ் என்னும் இனம், மலைக்கு மேற்கே கேரளத்தில் மிகுதி. ஆண் உண்ணியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் மைக்ரோப்ளஸின் பின்புறத்தில் சிறு வால் போன்ற முனை தெரியும்; அனுலேட்டஸுக்கு அது இல்லை.

பற்றும் பிராணிகளும் பரவிய தேசங்களும்

மைக்ரோப்ளஸுக்கு முக்கிய ஆதாரம் மாடு. எருமையையும், சில சமயம் ஆடு, குதிரை, மான் முதலியவற்றையும் பற்றும். மாடில்லாத இடத்தில் இது நெடுநாள் நிலைப்பது அரிது.

இதன் பூர்விகம் தெற்கு, தென்கிழக்கு ஆசியக் கண்டப் பகுதியே என்பது அறிஞர் கருத்து. மாடுகளைக் கப்பலேற்றியபோது உண்ணியும் உடன் சென்று, அமெரிக்க, ஆப்பிரிக்க வெப்ப நாடுகளில் குடியேறிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேஸில் மாடுகளோடு மேற்கு ஆப்பிரிக்காவையும் அடைந்தது. குளிர் மிகுந்தால் முட்டை பொரிவது தடைப்படுமாதலால், கோடைக்கானல் போன்ற உச்சிகளைவிட அடிவாரத்தின் வெப்பமும் ஈரமும் கலந்த நிழலே இதற்கு உகந்தது.

உண்ணியோடு நெடுங்காலம் பழகிய நம் நாட்டு மாட்டின் தோல், குஞ்சுகளில் பெரும்பாலானவற்றை வளரவிடுவதில்லை. நெல்லூர் என்ற பெயரால் பிரேஸிலில் பெருகியுள்ள ஓங்கோல் மாடுகள் அங்கே மதிக்கப்படுவதற்கு இக்குணமும் ஒரு காரணம். சீமை இரத்தம் கலந்த பசுவுக்கு இத்திறன் குறைவு.

ஜீவித முறை

மைக்ரோப்ளஸ் ஒரே மாட்டில் வாழும் உண்ணி. குஞ்சு புல்நுனியில் காத்திருந்து மாட்டின்மேல் ஏறும். ஏறியபின் இருமுறை தோலுரித்து, இணைகூடி, ஏறத்தாழ 21 நாட்களில் பருத்துக் கீழே விழும். விழுந்த பெண் உண்ணி சருகிலோ சாணத்தடியிலோ ஒதுங்கி, 2,000 முதல் 3,000 வரை முட்டையிட்டு மடியும். குஞ்சுகள் கடும் வெய்யிலில் விரைவில் சாகும். நிழலிலும் ஈரத்திலும் சில மாதம் பட்டினி கிடக்கும்.

சிவந்த மூத்திர நோயின் கிருமி தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியே குஞ்சுக்குச் செல்லும். அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் என்போர் அனுலேட்டஸ் உண்ணியால் இந்நோய் பரவுவதை 1893-ல் வெளியிட்டனர். உண்ணியொன்று நோயைப் பரப்பும் என்பதற்கு முதல் அத்தாட்சி அதுவே.

ஹயலோமா இனங்களின் வழி வேறு. கால்களில் வெண்ணிற வளையங்களும் நீண்ட வாயும் உடைய இவை, ஒன்றுக்கு மேற்பட்ட பிராணிகளில் வளரும். ஹயலோமா அனடோலிகம் கொட்டிற் சுவரின் வெடிப்புகளில் ஒளிந்திருக்கும். நிணநீர்க் கழலைகள் வீங்கச் செய்யும் தைலேரியா நோயைப் பரப்புவதும் அதுவே. ஹீமாபைசாலிஸ் இனங்களோ சிறியவை. மூன்று பிராணிகளை மாறி மாறிப் பற்றுபவை. ஆட்டிலும் நாயிலும் கூட இருக்கும்.

பரிகாரம்

மைக்ரோப்ளஸ் இனமாயின் மாட்டையே கவனிக்க வேண்டும். கால்நடை வைத்தியர் குறித்த மருந்தை, ஒரு மாடும் விடாமல், மூன்று வாரத்திற்கொருமுறை போடுதல் நலம். ஹயலோமாவாயின் சுவர் வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்படித்து, கொட்டிலிலும் மருந்து தெளித்தாலன்றிப் பயனில்லை.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் ஆகிய மருந்துகளுக்கு அடங்காத மைக்ரோப்ளஸ் உண்ணிகள் இந்தியாவின் பல பாகங்களில் காணப்பட்டுள்ளன. அளவு குறைத்துத் தெளிப்பது, பிழைத்த உண்ணியை வித்துக்கு விடுவதற்கு ஒப்பாகும். பிடுங்கிய உண்ணியைத் தரையில் எறியலாகாது. விரலால் நசுக்குதலும் கூடாது. ஹயலோமா இனம் மனிதருக்கும் கொடிய சுரத்தைத் தரவல்லது. மண்ணெண்ணெயிலிட்டுக் கொல்வதே தகும்.

மருந்திட்டும் உண்ணி குறையாவிடில், ஆணும் பெண்ணுமாகச் சிலவற்றை மூடிய சீசாவில் இட்டுக் கால்நடை வைத்தியரிடம் காட்டுக. இன்ன இனமென்று தெரிந்தபின் செய்யும் செலவே பயன்தரும்.