கொடி பறக்கும் திசை

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கார்த்திக்,

உங்கம்மா நேற்று போனில் அரை மணி நேரம் பேசினாள். பேசினாள் என்ன, அழுதாள். மூன்றாவது தடவையும் எச்1பி குலுக்கலில் உன் பெயர் விழவில்லையாம். ஓசாகா கம்பெனி வேலை கொடுத்திருக்கிறதாம். நீயோ "வேற வழியில்லாம ஜப்பானுக்குப் போறேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். வேலை கிடைத்ததற்கு அழுகிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன். போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

1985-இல் நான் ஓசாகாவில் ஒன்பது மாதம் இருந்தது உனக்குத் தெரியும். நூற்பு இயந்திரங்களைப் பழகிவர அனுப்பியிருந்தார்கள். அந்த ஒன்பது மாதமும் எனக்குத் துணையாக ஓர் அமெரிக்கர் இருந்தார் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அவரோடு ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. பெயர் ராண்டி பாஸ். தாடிக்காரர். ஹான்ஷின் டைகர்ஸ் என்ற பேஸ்பால் அணியில் இடக்கை ஆட்டக்காரர். விடுதிக் கூடத்தில் ஒரே ஒரு டிவி. தினமும் அதில் இவர் முகம்தான். மொழி புரியாத ஊரில், என்னைப்போலவே மொழி புரியாமல் நிற்கிற இன்னொருவன் என்று ஓர் ஒட்டுதல்.

இந்தக் கதையை உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், அவரும் அமெரிக்காவில் 'பெயர் விழாமல்' வந்தவர்தான். ஓக்லஹோமா மாநிலத்து லாட்டன் ஊரில் 1954-இல் பிறந்தவர். கீழ்மட்ட லீக்கில் ஆள் புலி. 1980-இல் டென்வர் அணிக்காக 37 ஹோம் ரன் (வேலியைத் தாண்டுகிற அடி), 143 ரன்னை உள்ளே கொண்டுவந்தார். ஆனால் மேலே, பெரிய லீக்கில், 1977 முதல் 1982 வரை ஐந்து அணிகள் அவரைக் கைமாற்றிக்கொண்டன. ஆறு வருஷத்தில் மொத்தமே 130 ஆட்டம், 9 ஹோம் ரன், சராசரி .212. அதாவது ஆயிரம் முறை மட்டையைப் பிடித்தால் 212 தடவைதான் அடி சரியாக விழும். அங்கே அவருக்கு அநியாயம் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். கால் வேகம் கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்து எப்போதாவது எழுந்து ஆடுகிறவனுக்கு வேகப்பந்து கண்ணுக்குப் பிடிபடாது. அவர்களுக்கு அவர் தேவைப்படவில்லை. தேவைப்படாதது வேறு, திறமையில்லாதது வேறு. நீ இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய்.

1983-இல் ஹான்ஷினுக்கு வந்தார். வந்த உடனே ஒரு வேடிக்கை. அவர் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதினால் 'பஸ்' என்று படிக்க வரும். அணியின் முதலாளியோ ரயிலும் பஸ்ஸும் ஓட்டுகிற கம்பெனி. அவர் சரியாக ஆடாத நாளில் 'ஹான்ஷின் பஸ் நின்றுபோனது' என்று பத்திரிகைக்காரன் தலைப்புப் போட்டால் என்ன ஆவது? பயந்துபோய்ப் பெயரை இழுத்து வேறு மாதிரி எழுத வைத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். உன் பெயரையும் என்னவோ செய்யப்போகிறார்கள். என்னைக் கடைசிவரை 'ராமு-சான்' என்றுதான் கூப்பிட்டார்கள். கோபித்துக்கொள்ளாதே.

ஒரு நாள் ஷாப் ஃப்ளோர் மேஸ்திரி ஒருவர் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். உமேதா ஸ்டேஷனில் ஹான்ஷின் ரயில் ஏறினால் கொஷியென் மைதானம் பக்கம்தான். வெளிச்சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருக்கும். உள்ளே கட்டாந்தரை, கறுப்பு மண், நம்மூர்க் கரிசல்காடு மாதிரி. இடப்பக்க மேடையில் உட்கார்ந்தோம். கையில் சோற்று டப்பா, நடுவில் ஒரு ஊறுகாய்ப் பழம். ஆட்டம் புரியாமல் விழித்துக்கொண்டிருந்த என்னிடம் அவர் ஸ்கோர்போர்டு உச்சியில் இருந்த கொடியைக் காட்டினார். கடல் பக்கமிருந்து வரும் காற்று. அதற்கு ஹமகாஜே என்று பெயர். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக அடிக்கும். இடக்கை ஆட்டக்காரன் பலமாகத் திருப்பி அடித்தால் பந்து வலப்பக்கம்தான் போகும். போகிற வழியில் காற்று அதை அமுக்கிக் கீழே இறக்கிவிடும். எத்தனையோ வெளிநாட்டுக்காரர்கள் அந்தக் காற்றோடு மல்லுக்கட்டியே ஊர் திரும்பியிருக்கிறார்கள் என்பதை அவர் கையாலும் முகத்தாலும் நடித்தே விளக்கினார்.

பாஸ் வந்தார். முதல் இரண்டு பந்தைத் தொடவே இல்லை. மூன்றாவதைக் கொஞ்சம் தாமதித்து, உள்ளே வரவிட்டு, எதிர்ப்பக்கமாகத் தட்டினார். தட்டினார் என்றுதான் சொல்லவேண்டும், ஓங்கவில்லை. பந்து உயர எழுந்து, செத்துவிட்டது என்று நான் நினைத்த இடத்திலிருந்து மேலும் நகர்ந்து, நகர்ந்து, எங்கள் பக்கத்து வேலியைத் தாண்டி விழுந்தது. காற்று தூக்கிக்கொண்டு வந்து போட்டது. அந்தக் காலத்தில் அந்த மைதானத்தில் வேலியை உள்ளே தள்ளிக் கட்டியிருந்தார்கள், 'லக்கி ஸோன்' என்று பெயர், அதையும் சொல்லிவிடுகிறேன். அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து அடித்தவனுக்குத்தான் அந்த வேலி பக்கத்தில் வந்தது.

நீ அங்கே போய் முதல் ஆறு மாதம் எதையும் மாற்ற முயலாதே. 'எங்க ஆபீஸ்ல இப்படித்தான் செய்வோம்' என்று வாயைத் திறக்காதே. யார் யாரைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள், கூட்டத்துக்கு முன்னாலேயே முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று பார். பாஸ் ஷோகி கற்றுக்கொண்டார், அவர்களுடைய சதுரங்கம். சக ஆட்டக்காரர்களோடு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மொழி வராதவனுக்கு அது ஒரு வாசல். உனக்குக் கேரம் நன்றாக வரும், அது அங்கே உதவாது. வேறு ஏதாவது பழகு.

நான் அங்கிருந்த அந்த 1985-இல் அவர் சராசரி .350, ஹோம் ரன் 54, உள்ளே கொண்டுவந்த ரன் 134. மூன்றிலும் முதலிடம். அதை ட்ரிபிள் கிரௌன் என்பார்கள். அக்டோபர் 16 அன்று டைகர்ஸ் லீக்கை வென்ற இரவு, தோதொன்போரி கால்வாய்ப் பாலத்தில் ரசிகர்கள் ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயராகக் கூவ, அந்த ஆட்டக்காரர் சாயலில் இருக்கிறவன் தண்ணீரில் குதித்தான். பாஸுக்குத் தாடிவைத்த வெள்ளைக்காரன் வேண்டுமே! பக்கத்து கேஎஃப்சி கடையிலிருந்த கர்னல் சிலையைத் தூக்கிப் போட்டார்கள். நான் விடுதியில் கதவைத் தாழிட்டுப் படுத்திருந்தேன், அவ்வளவு கூச்சல். அந்தச் சிலை 2009-இல்தான் சேற்றிலிருந்து வெளியே வந்தது. அதுவரை டைகர்ஸ் ஜப்பான் சீரீஸ் பட்டத்தை மறுபடி வெல்லாததற்குக் கர்னலின் சாபம்தான் காரணம் என்று அந்த ஊரே பேசியது.

இப்படிக் கொண்டாடிய அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. அன்றைக்கு ஒரு பருவத்துக்கான உச்சம், சதாஹாரு ஓ 1964-இல் வைத்த 55 ஹோம் ரன். பாஸ் 54-இல் நிற்கிறார். கடைசி ஆட்டம் யோமியூரி ஜயண்ட்ஸோடு. அந்த அணியின் மேனேஜர் யார் தெரியுமா, அதே ஓ. பந்து வீசுகிறவர்கள் மட்டைக்கு எட்டாத தூரத்தில் போட்டுப் போட்டு, போய் முதல் பேஸில் நில் என்று அனுப்பினார்கள். ஒருமுறை பாஸ் எட்டி, குச்சியால் மாங்காய் பறிக்கிற மாதிரி மட்டையை நீட்டி ஒரு ஹிட் எடுத்தார். ஓ, தான் அப்படிச் சொல்லவில்லை என்றார். ஆனால் நல்ல பந்து போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் டாலர் அபராதம் என்று ஒரு கோச் மிரட்டியதாக ஜயண்ட்ஸ் அணியிலிருந்த அமெரிக்கப் பந்து வீச்சாளர் கீத் காம்ஸ்டாக் பின்னால் சொன்னார்.

உனக்கும் இப்படி ஒரு நாள் வரும். பாராட்டுவார்கள், விருந்து வைப்பார்கள், ஆனால் ஏதோ ஒரு கதவு மட்டும் திறக்காது. அன்றைக்கு இரவு எனக்கு போன் செய்து திட்டு, கேட்கிறேன். ஆபீஸில் திட்டாதே. மறுநாள் வேலைக்குப் போ. பாஸ் மறுவருஷம் எடுத்த சராசரி .389. அது இன்றுவரை ஜப்பானில் ஒரு பருவத்துக்கான உச்சம். இச்சிரோ 2000-இல் .387 வரை வந்தார், தொடமுடியவில்லை. எட்டாத பந்து போட்டு இதைத் தடுக்கமுடியாது பார், எண்ணிக்கை இல்லையே, சராசரி.

நான் எழுத வந்த முக்கியமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

1988-இல் பாஸின் எட்டு வயது மகனுக்கு மூளையில் கட்டி என்று தெரிந்தது. அவர் மே மாதம் அமெரிக்காவுக்குப் போனார். குடும்பத்தின் மருத்துவச் செலவு யாருடையது என்பதிலும், எப்போது திரும்புவார் என்பதிலும் சண்டை முளைத்தது. ஜூனில் அணி அவரை விலக்கிவிட்டது. 'கடவுள், புத்தர், பாஸ்' என்று வரிசைப்படுத்திக் கும்பிட்ட ஊர்தான். அணியின் தரப்பில் பேச்சுவார்த்தை நடத்திய ஷிங்கோ ஃபுருயா ஜூலையில் தற்கொலை செய்துகொண்டார். பாஸ் அதற்குப் பிறகு தொழில்முறையில் ஆடவே இல்லை. வயது முப்பத்து நான்கு.

அந்தச் செய்தியை இங்கே கோவையில் ஒரு பத்திரிகையில் நாலு வரியாகப் படித்தேன். படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. உங்கம்மா உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். 1985 நவம்பரில் உன் தாத்தா படுத்துவிட்டார் என்று தந்தி வந்தது. என்னை அனுப்பிய கம்பெனியில் பயிற்சியை முடித்துவிட்டு வா, இல்லாவிட்டால் விமானச் செலவைக் கட்டு என்றார்கள். நான் போட்ட கையெழுத்தில் அப்படித்தான் இருந்தது. படிக்காமல் போட்ட கையெழுத்து. நான் வந்து சேர்ந்தது பதினோராம் நாள். கொள்ளி போட்டது உன் சின்ன மாமா.

பாஸ் ஊருக்குப் போய் 2004-இல் ஓக்லஹோமா மாநில செனட்டுக்குத் தேர்வானார். 2023-இல் ஜப்பான் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அதே வருஷம்தான் டைகர்ஸ் முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு ஜப்பான் சீரீஸ் பட்டம் வென்றது. மேனேஜர் ஒகாதா, 1985-இல் பாஸுக்கு இரண்டு இடம் தள்ளி மட்டை பிடித்தவர். நான் யூடியூபில் பார்த்துக் கைதட்டினேன். உங்க அத்தை பயந்துபோய் ஹாலுக்கு ஓடிவந்தாள்.

உன் ஒப்பந்தத்தில் அவசர விடுப்பு எத்தனை நாள், டிக்கெட் யார் போடுவது, அப்பா அம்மாவுக்கு ஏதாவது ஆனால் என்ன, பாதியில் விட்டால் என்ன கட்டவேண்டும் என்று நான்கு கேள்வி. நான்குக்கும் எழுத்தில் பதில் வேண்டும், ஹெச்ஆர் பெண் வாயால் சொன்னது கணக்கில்லை. வாட்ஸப்பில் படமாக அனுப்பாதே, எனக்குக் கண் தெரியவில்லை. பிரிண்ட் எடுத்து உங்கம்மா கையில் கொடுத்துவிடு. வியாழக்கிழமை கல்யாணத்துக்கு இங்கேதானே வருகிறாள். அதுவரை கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
மாமா