வயதும் வேளையும்: இரண்டு நாடுகள் கற்பிக்கும் பாடம்



புற்றுநோய் வார்டில் கட்டில் கட்டிலாகச் சென்று பேசும்போது, மார்பகப் புற்றுநோயால் வாடும் தாய்மாரின் உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு: "ஐயா, வெளிநாட்டில் வயதானவர்களுக்கு வருகிற நோய், நம் ஊரில் மட்டும் ஏன் இந்த வயதிலேயே வருகிறது?" இதற்கு விடை காண, அமெரிக்காவையும் இந்தியாவையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, வயது

அமெரிக்காவில் இந்நோய் கண்டறியப்படும் பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் 62 வயதைக் கடந்தவர்கள். இந்திய மருத்துவமனைகளிலோ நோயாளிகளின் சராசரி வயது 50ஐ ஒட்டியே இருக்கிறது. அப்படியானால் இந்நோய் நம் இளம்பெண்களை அதிகமாகத் தாக்குகிறதா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடக் கூடாது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்கள் 100க்கு சுமார் 18 பேர். இந்தியாவில் சுமார் 7 பேரே. வாலிபர் மிகுந்த சபையில் காய்ச்சலாய்ப் படுப்பவர்களிலும் வாலிபரே அதிகம் இருப்பார்கள் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஒரே வயதுள்ள பெண்களை ஒப்பிட்டால், இளம்பெண்களிடையேயும் இங்கே நோயின் விகிதம் அமெரிக்காவைவிடக் குறைவே.

இரண்டாவது, வேளை

நம்மைக் கலங்கச் செய்ய வேண்டியது வேறொரு கணக்கு. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அமெரிக்காவில் புதிதாக நோய் கண்டவர்கள் சுமார் 2,74,000. இறந்தவர்கள் சுமார் 43,000. இந்தியாவில் நோய் கண்டவர்கள் சுமார் 1,92,000. இறந்தவர்கள் சுமார் 98,000. அங்கே ஆறு பேருக்கு ஒரு மரணம். இங்கே இரண்டு பேருக்கு ஒரு மரணம்!

முக்கிய காரணம் தாமதம். அங்கே மூன்றில் இருவருக்கு, கட்டி மார்பகத்தைவிட்டுப் பரவுமுன்னரே நோய் தெரிந்துவிடுகிறது. இங்கே பாதிப்பேர் அளவில் மூன்றாம், நான்காம் நிலையில்தான் வருகிறார்கள். "வலி இல்லையே" என்ற அசட்டை, சொல்லக் கூச்சம், ஒருநாள் கூலி போய்விடுமே என்ற கவலை ஆகியவை கட்டியை வளரவிடுகின்றன. வயதை நாம் மாற்ற முடியாது, வேளையை மாற்றலாம்.

மூன்றாவது, வழி

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள், 35 முதல் 64 வயதுப் பெண்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. 2021இல் வெளியான முடிவு: நோய் முற்றுமுன்னரே தெரியவந்தது, 50 வயதுக்கு மேற்பட்டோரில் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50க்குட்பட்டோரில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. ஆகவே இளவயதினர் பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல், மாற்றம் தெரிந்தவுடனே வரவேண்டும்.

வலியில்லாத கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு ஆகியவை அடையாளங்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோயல்ல. ஆனால் எல்லாக் கட்டியையும் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

அடுத்த பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இதை வாசித்து, இரண்டு கேள்விகளைக் கலந்து பேசுங்கள்:

1. நம் சபையில் ஒரு சகோதரி இதைக் கூச்சமின்றி யாரிடம் சொல்ல முடியும்?

2. அவளோடு மருத்துவமனைக்குத் துணையாகப் போவது யார்?

இரண்டாவது கேள்விக்கு "நான்" என்று ஒருவர் சொன்னாலும், இந்தப் பாடம் வீண்போகாது.