எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? ஃபேன்டசி வாசகருக்கு ஒரு வழிகாட்டி

டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் மொத்தம் 41 நாவல்கள். முதல் நாவல் 1983இல் வந்தது. கடைசி நாவல், அவர் மறைந்த 2015இல். நண்பர் ஒருவர் “பிராட்செட்டைப் படிக்காமல் இருக்காதே” என்கிறார். கேட்டவரும் ஒழுங்காக முதல் நாவலான ‘தி கலர் ஆஃப் மேஜிக்’கை வாங்கிவிடுகிறார். ஐம்பது பக்கத்துக்குள் சலிப்புத் தட்டுகிறது. உலகமே கொண்டாடும் எழுத்தாளர் தனக்கு மட்டும் ஒட்டவில்லையே என்ற வருத்தத்தோடு புத்தகம் அலமாரிக்குப் போகிறது. எழுத்தாளரின் பெயரைச் சொன்ன நண்பர், எதில் தொடங்குவது என்பதையும் சொல்லியிருந்தால் இந்தப் பிரிவு நேர்ந்திருக்காது.

துப்பறியும் கதை என்றால் சிக்கல் குறைவு. அகதா கிறிஸ்டியின் நாவல்களில் கைக்கு வந்ததை எடுத்துப் படிக்கலாம். ஃபேன்டசி எழுத்தாளர்களோ ஒரே உலகத்தை இருபது, முப்பது ஆண்டுகள் எழுதிக்கொண்டே போகிறார்கள். சிலரிடம் ஒவ்வொரு நாவலும் தனிக்கதை. சிலரிடம் பதினாறு புத்தகமும் சேர்ந்து ஒரே கதை. சிலருடைய முதல் நாவல் கை பழகுவதற்கு முன் எழுதியது. இன்னும் சிலர் முதல் நாவலிலேயே உச்சத்தைத் தொட்டவர்கள். புத்தக முதுகில் அச்சிட்ட எண் இவை எதையும் சொல்லாது.

பிராட்செட்டின் முதல் நாவல் ஏன் பலருக்கு ஒட்டுவதில்லை என்பதற்கு நேரான காரணம் உண்டு. அது, அதற்கு முந்தைய தலைமுறையின் வாள்வீச்சு, மாயமந்திரக் கதைகளைக் கேலி செய்து எழுதியது. ஃபிரிட்ஸ் லைபரையும் ஆன் மெக்காஃப்ரியையும் முன்பே படித்தவருக்குப் பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு வரும். மற்றவருக்கு யாரைக் கிண்டல் செய்கிறார் என்றே பிடிபடாது. கதையும் அந்தப் புத்தகத்தோடு முடியாமல், 1986இல் வந்த அடுத்த நாவலுக்குள் நீள்கிறது. 1989இல் வந்த ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ அப்படியல்ல. அங்க்-மார்போர்க் என்ற அழுக்கு நகரம், அங்கே யாரும் மதிக்காத இரவுக் காவல்படை, அதன் குடிகாரத் தலைவர் சாம் வைம்ஸ், நகரத்துக்கு வந்து சேரும் ஒரு டிராகன். நல்ல போலீஸ் கதைக்குரிய விறுவிறுப்பு தொடக்கப் பக்கங்களிலேயே வந்துவிடும். வைம்ஸைப் பிடித்துப்போனால் அவரை மையமாகக் கொண்டு இன்னும் ஏழு நாவல்கள் காத்திருக்கின்றன. அவற்றில் ‘நைட் வாட்ச்’ (2002) பிராட்செட் எழுதியதிலேயே ஆழமானது. ஆனால் அதை முதலில் படித்தால் பாதிதான் கிடைக்கும். வைம்ஸ் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறார் என்று தெரிந்தவருக்கே அது முழுதாகத் திறக்கும்.

ஒரே ஒரு பிராட்செட் போதும் என்பவருக்கு ‘ஸ்மால் காட்ஸ்’ (1992). முன்பின் எதுவும் படித்திருக்கத் தேவையில்லை. ஓம் என்ற பெருந்தெய்வம் பூமிக்கு இறங்கிவரும்போது காளையாகவோ கழுகாகவோ வர முடியாமல் சின்ன ஆமையாகிவிடுகிறது. அதன் பெயரால் கோயிலும் குருமார்களும் விசாரணைக் கூடமும் இருக்கின்றன. உண்மையில் நம்புகிறவன் ஒரே ஒருவன், தோட்ட வேலை செய்யும் புரூதா என்ற எளிய சீடன். பக்திக்கும் நிறுவனத்துக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த நாவலுக்குள் வழிகாட்டி தேவைப்படாது. டிஸ்க்வேர்ல்ட் உலகமே ஒரு பெரிய ஆமையின் முதுகில் நிற்கும் நான்கு யானைகள் மேல் இருக்கிறது. திக்கஜங்களையும் கூர்மத்தையும் கதையாகக் கேட்டவருக்கு அதில் ஒரு கூடுதல் நெருக்கமும் உண்டு.

ராபின் ஹாப் விஷயத்தில் கதை நேர்மாறு. 1995 முதல் 2017 வரை அவர் எழுதிய பதினாறு நாவல்கள், ஐந்து தொகுதிகளாகப் பிரிந்தாலும், ஒரே நீண்ட வாழ்க்கை. தொடக்கம் ‘அசாசின்ஸ் அப்ரென்டிஸ்’. வேறு வழியே கிடையாது. பட்டத்து இளவரசனுக்கு மணத்துக்கு வெளியே பிறந்த ஃபிட்ஸ், ஆறு வயதில் தாய்வழித் தாத்தாவால் அரச குடும்பத்தின் வாசலில் ஒப்படைக்கப்படுகிறான். குதிரை லாயத்தில் வளர்கிறான். நாய்க்குட்டியோடு மனம் கலக்கிறான். பாட்டனாரான அரசருக்காக ரகசியக் கொலைத்தொழிலைக் கற்கிறான். ஹாப் அவசரப்படுவதே இல்லை. போர்க்களத்தைவிட, ஒரு சிறுவன் யாருடைய அன்புக்கு ஏங்குகிறான் என்பதில்தான் அவருக்கு அக்கறை. வேகம் தேடுபவருக்கு இவரைக் கொடுக்க வேண்டாம். பாத்திரத்தோடு சேர்ந்து அழத் தயாராக இருப்பவருக்கு இவரைவிட்டால் ஆளில்லை.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. முதல் மூன்று நாவல்கள் முடிந்ததும், அடுத்த தொகுதியான ‘லிவ்ஷிப் டிரேடர்ஸ்’ ஃபிட்ஸின் கதையில்லை என்று தெரிந்து அதைத் தாண்டிப் போகிறார்கள். தாண்டக் கூடாது. மாய மரத்தில் கட்டிய கப்பல்கள், ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் அவற்றின் தளத்தில் உயிர்விட்ட பின் கண்விழித்துப் பேசத் தொடங்கும் கதை அது. வணிகக் குடும்பம், கடன், பெண்களின் சொத்துரிமை என்று ஒரு சமூகமே அதில் இருக்கிறது. பின்னால் வரும் ஃபிட்ஸ் கதைகளின் முக்கியத் திருப்பங்கள் இந்த மூன்று புத்தகங்களில் வேர்விட்டிருக்கின்றன. வந்த வரிசையிலேயே படிப்பது ஒன்றுதான் சரி.

பெரிய எண்ணிக்கையைக் கண்டு தயங்குபவருக்கு உர்சுலா லெ குவின். 1968இல் வந்த ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ ஏறத்தாழ இருநூறு பக்கம்தான். ஆடு மேய்க்கும் கெட் மந்திரம் கற்கப் போகிறான். கர்வத்தால் ஒரு நிழலை உலகுக்குள் அவிழ்த்துவிடுகிறான். பிறகு அந்த நிழலிடமிருந்து ஓடுகிறான், கடைசியில் அதைத் துரத்துகிறான். பொருள்களின் மெய்ப்பெயரை அறிந்தால் அவற்றை ஆளலாம் என்பதே கதை நடக்கும் தீவுகளின் மந்திரம். கெட்டின் தோல் செம்பழுப்பு. அவனுடைய நண்பன் கறுப்பன். வெள்ளை வீரர்களே நிறைந்திருந்த ஒரு துறையில் 1968இலேயே லெ குவின் இதைத் தெரிந்தே செய்தார். 2004இல் தொலைக்காட்சித் தொடர் கெட்டை வெள்ளையனாக்கியபோது வெளிப்படையாகக் கண்டித்தார்.

எர்த்ஸீயின் முதல் மூன்று நாவல்களை வரிசையாகப் படித்துவிட்டு நிறுத்தலாம். நான்காவதான ‘தெஹானு’ 1990இல், பதினெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்தது. சக்தியை இழந்த நடுவயது கெட், கணவனை இழந்த தெனார் என்ற பெண், தீயில் எரிக்கப்பட்ட ஒரு சிறுமி என்று அது முற்றிலும் வேறு உலகம். பதினைந்து வயதில் முதல் நாவலும் நாற்பது வயதில் ‘தெஹானு’வும் படிக்கக் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரே மூச்சில் படித்தால் அந்த மாற்றம் ஏமாற்றமாகத் தோன்றக்கூடும்.

பிராண்டன் சாண்டர்சனின் ரசிகர்கள் பெரும்பாலும் முதலில் நீட்டுவது ‘தி வே ஆஃப் கிங்ஸ்’. ஆயிரம் பக்கம், இதுவரை ஐந்து நாவல்கள் வந்துள்ள வரிசையின் முதல் நாவல். ரசிகரின் உற்சாகம் புரிகிறது. புதியவருக்கு அது அதிகச் சுமை. ‘மிஸ்ட்பார்ன்’ (2006) நல்ல இடம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கொடுங்கோலன் வென்றுவிட்ட, வானிலிருந்து சாம்பல் பொழியும் ஒரு நாட்டில், உலோகத் துகள்களை விழுங்கி ஆற்றல் பெறும் திருடர் கூட்டம் அவனைக் கவிழ்க்கத் திட்டமிடுகிறது. இவர் நமக்கு ஒத்துவருவாரா என்று மட்டும் பார்க்க விரும்புபவர் ‘தி எம்பரர்ஸ் சோல்’ என்ற குறுநாவலை ஒரே மாலையில் முடிக்கலாம். சுயநினைவிழந்த பேரரசருக்குப் புதிய ஆன்மா ஒன்றைப் போலியாகச் செதுக்க வேண்டிய கைதியின் கதை. தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் பழைய முத்திரைகளைப் பார்த்தபோது தோன்றிய கரு அது. 2013இல் ஹ்யூகோ விருதும் பெற்றது.

ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ பதினான்கு நாவல்கள். கதைக்கு முந்தைய காலத்தைச் சொல்லும் ‘நியூ ஸ்பிரிங்’ தனி. அதை முதலில் படிக்க வேண்டாம். 1990இல் வந்த ‘தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்’தான் வாசல். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை கதை நகர மறுக்கும் என்பதையும் பரிந்துரைப்பவர் மறைக்கக் கூடாது. ஜோர்டன் 2007இல் இறந்த பின் கடைசி மூன்று நாவல்களை முடித்துக் கொடுத்தவர் சாண்டர்சன். ஆகவே இந்த வரிசைக்கு உறுதியான முடிவு உண்டு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினிடம் அந்த உறுதி இல்லை. அவருடைய பெருவரிசையின் ஐந்தாம் நாவல் 2011இல் வந்தது, ஆறாவது இன்னும் வரவில்லை. பாதியில் நிற்கும் கதை தாங்காதவர், டங்க் என்ற ஏழை வீரனும் எக் என்ற சிறுவனும் ஊர் ஊராகத் திரியும் மூன்று குறுநாவல்களின் தொகுப்பான ‘எ நைட் ஆஃப் தி செவன் கிங்டம்ஸ்’ படித்தால் போதும். மார்ட்டினின் மனிதநேயம் அதில் கூடுதலாகவே தெரிகிறது.

டோல்கீனுக்கு ‘தி ஹாபிட்’ (1937), பிறகு ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. அவர் மறைந்த பின் 1977இல் வந்த ‘தி சில்மரில்லியன்’ கடைசியாகத்தான். அதைத் தொகுக்கும் வேலையில் உதவிய இளைஞர் கை கேவ்ரியல் கே, பிறகு தாமே பெரிய நாவலாசிரியரானார். அவருடைய ‘டிகானா’ (1990) தனி நாவல். போரில் மகனை இழந்த மந்திரவாதி அரசன் ஒரு நாட்டின் பெயரையே அழித்துவிடுகிறான். அங்கே பிறந்தவர்களைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைக் காதால் கேட்கக்கூட முடியாது. மொழிக்காகவும் மண்ணுக்காகவும் போராடிய வரலாறு உள்ள சமூகத்தில் இந்த நாவல் இன்னும் பரவலாகப் படிக்கப்பட வேண்டும்.

நார்னியா ஏழு நாவல்களுக்கு இரண்டு வரிசைகள் சுற்றிவருகின்றன. கதைக்காலப்படி ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ முதலில் வரும். 1950இல் முதலில் வெளியான ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’பையே குழந்தைக்குக் கொடுங்கள். அலமாரிக்குப் பின்னால் பனி பொழியும் காடு இருப்பதைக் குழந்தை கதையில் வரும் சிறுமியோடு சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும்.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவருக்கு நடையும் முக்கியம். சாண்டர்சனின் ஆங்கிலம் தெளிவானது, அகராதியைத் தேட வைக்காது. லெ குவினின் சொற்களும் எளியவை. ஆனால் வாக்கியங்களுக்குப் பழங்கதை சொல்லும் நிதானம் உண்டு, வாய்விட்டுப் படித்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும். பிராட்செட்டிடம் சொல் விளையாட்டு அதிகம், சில நகைச்சுவைகள் பிரிட்டிஷ் வாழ்க்கை தெரியாமல் நழுவிப்போகும். சூசன்னா கிளார்க்கின் ‘ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்’ (2004) பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், நீண்ட அடிக்குறிப்புகளோடு எழுதப்பட்ட மிகப்பெரிய நாவல். அவரையே ‘பிரனேசி’யில் (2020) சந்தித்தால் அனுபவம் வேறு. முடிவில்லாத கூடங்களும் சிலைகளும் கடல் அலைகளும் நிறைந்த ஒரு மாளிகையில் தனியாக வாழ்பவனின் நாட்குறிப்பு அது. அளவில் சிறியது, மொழி தெளிந்தது.

நமக்கு அருகிலிருந்து வந்த குரல் வேண்டும் என்பவருக்குக் கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ (2023). மகானாகப் போற்றப்படும் தந்தையைக் கொல்வதற்கென்றே தாயால் வளர்க்கப்பட்ட மகனின் கதை. நெபுலா விருது பெற்றது. மதமும் அதிகாரமும் இனவெறியும் கலந்த அந்த நகரம் இலங்கையை அறிந்தவரை உலுக்கும். ஆனால் முதல் ஃபேன்டசியாக இதை எடுக்க வேண்டாம், கதை நேர்கோட்டில் போகாது.

அடுத்த முறை யாராவது ஃபேன்டசி கேட்டால், உங்களுக்கு மிகப் பிடித்ததைச் சொல்லும் முன் அவர் கடைசியாக ஒரே மூச்சில் படித்து முடித்தது எது என்று கேளுங்கள். ராஜேஷ்குமார் என்றால் ‘மிஸ்ட்பார்ன்’ அல்லது ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’. ‘பொன்னியின் செல்வன்’ என்றால் ‘டிகானா’. குடும்ப நாவல்களில் ஊறியவர் என்றால் ராபின் ஹாப். பதிலே வரவில்லை என்றால் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’யைக் கையில் கொடுங்கள், இங்கே பேசப்பட்ட அத்தனையிலும், எந்த வயதினருக்கும் தயங்காமல் கொடுக்கத்தக்கது அதுதான்.