டவரா, திரையா? மூளைக்குக் கேடு எது?



சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்தார். "சுவாமி, எங்கள் தெருவில் செல்போன் டவர் நிறுத்தப் போகிறார்களாம். பிள்ளைகளின் மூளை கெட்டுப்போகும் என்கிறார்களே, மெய்தானா?" என்று கலங்கிக் கேட்டார். அவர் இடுப்பிலிருந்த குழந்தையோ அவருடைய கைப்பேசியை இரு கையாலும் பற்றிக்கொண்டு, எங்களை ஏறெடுத்தும் பாராமல் படம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கேட்ட கேள்விக்கும் கேளாத கேள்விக்கும் சேர்த்து இங்கே விடை சொல்கிறேன்.

முதலாவது, அலையைப் பற்றி.

டவரும் கைப்பேசியும் அனுப்புவது ரேடியோ அலை. எக்ஸ்-ரே கதிரைப் போல நம் உடலின் அணுக்களைச் சிதைக்கும் வல்லமை அதற்கு இல்லை. அளவு மிகுந்தால் சதையைச் சூடாக்கும். அதைத் தடுக்கவே அரசாங்கங்கள் வரம்பு விதித்துள்ளன. நம் மத்திய அரசு 2012 செப்டம்பர் 1 முதல் டவர்களுக்கான வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. கைப்பேசிக்கோ, ஒரு கிலோ உடற்சதைக்கு 1.6 வாட் என்பது உச்ச வரம்பு.

அப்படியானால் பயம் எங்கிருந்து வந்தது? 2011 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இவ்வலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்னும் பட்டியலில் சேர்த்தது. சான்று குறைவு, ஆயினும் முற்றிலும் தள்ளிவிட முடியாது என்பதே அதன் பொருள். சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. பின்பு 2024-இல், அந்நிறுவனம் கேட்டுக்கொண்டபடி நிபுணர்கள் 63 ஆராய்ச்சிகளைச் சேர்த்துச் சீர்தூக்கினார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் உபயோகித்தவர்களிடத்திலும் கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை.

இன்னுமொன்று. விளக்கை விட்டு விலக விலக வெளிச்சம் குறைகிறதல்லவா? அலையும் அப்படியே. தலைக்கு அதிகமாக அலை தருவது தூரத்து டவர் அன்று, காதோடு ஒட்டிய கைப்பேசிதான். சிக்னல் மெலிந்த இடத்தில் அது தன் பலத்தைக் கூட்டிக்கொள்ளும். ஆகையால் டவரை வெகுதூரம் விரட்டினால் காதருகே அலை கூடவும் கூடும். அச்சமுள்ளவர்கள் இயர்போன் மாட்டிப் பேசலாம்; அது போதும்.

இரண்டாவது, உறக்கத்தைப் பற்றி.

இருட்டியதும் நம் மூளை மெலடோனின் என்னும் சுரப்பைச் சுரந்து, உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகிறது. நீலம் மிகுந்த வெளிச்சம் கண்ணில் பட்டால், இன்னும் பகல்தான் என்று மூளை ஏமாந்துபோகும். 2014-இல் வெளியான பாஸ்டன் நகர ஆராய்ச்சி ஒன்றில், 12 பேர் படுக்குமுன் நான்கு மணி நேரம் சில நாள் திரையிலும், சில நாள் அச்சுப் புத்தகத்திலும் படித்தார்கள். திரையில் படித்த நாட்களில் மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது, உறக்கமும் பிந்தியது, மறுநாள் காலை மந்தமும் மிகுந்தது. பகலில் கற்றதை மூளை பதித்து வைப்பது உறக்கத்தில்தான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை நள்ளிரவுவரை கைப்பேசியோடு கிடந்தால், படித்தது எப்படி நிலைக்கும்?

மூன்றாவது, பேச்சைப் பற்றி.

அந்தக் குழந்தையின் காரியம் இதுதான். 2003-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் சர்வகலாசாலையார் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, 12 முறை கதை படித்து விளையாடினார்கள். அக்குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளை நன்றாகப் பிரித்தறிந்தன. வேறு குழந்தைகளுக்கு அதே ஆட்களை, அதே பேச்சைத் திரையில் காட்டினார்கள். அவை ஒன்றும் கற்கவில்லை.

இது நமக்குப் புதிதா? திருத்தணி ஆந்திர ராஜ்யத்திலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-இல். இன்றும் எத்தனையோ வீடுகளில் பாட்டி தெலுங்கில் கொஞ்சுவார். பக்கத்து வீட்டார் தமிழில் கூப்பிடுவார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகுமுன்னே இரண்டும் பேசும். யார் பாடம் நடத்தினார்கள்? முகம் பார்த்துப் பேசினார்கள். பிள்ளை 'ங்கா' என்றால் பதில் சொன்னார்கள். திரை பேசும், பிள்ளைக்குப் பதில் சொல்லாது. அலை மூளையைத் தின்கிறது என்று அஞ்சுகிறோம். மூளைக்குச் சேரவேண்டிய உறக்கத்தையும் பேச்சையும் திரை தின்பதைக் கவனியாமல் இருக்கிறோம்.

ஆகையால் செய்ய வேண்டியவை:

1. இரண்டு வயதுவரை திரை வேண்டாம். வெளியூரிலுள்ள தகப்பனார் முகம் காட்டிப் பேசுவது இதில் சேராது. இரண்டு முதல் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமல், பெரியவர் உடனிருந்து காட்டலாம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் சொன்ன அளவு இது.

2. சோறூட்டும்போது கைப்பேசி வேண்டாம். இரண்டு நாள் அழும். மூன்றாம் நாள் உங்கள் முகத்தைப் பார்க்கும்.

3. படுக்க ஒரு மணி நேரம் முன்பே வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஓரிடத்தில் ஓயட்டும். பெரியவர்களுடையதும் சேர்த்துத்தான்.

4. விட நினைத்தும் விட முடியாத பிள்ளையை அடிக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014-இல் தனிப்பிரிவு தொடங்கினார்கள்.

பிறருக்குச் சொல்லுமுன் என்னையும் சோதித்துப் பார்த்தேன். என் கைப்பேசி தலையணை அருகேதான் கிடந்தது. அவசரத்துக்கு யாராவது அழைப்பார்கள் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு, நள்ளிரவில் வேண்டாத செய்திகளைப் படித்திருக்கிறேன். இப்போது அதை அடுத்த அறையில் வைக்கிறேன். மணி அடித்தால் கேட்கிறது. கை நீட்டினால் எட்டுவதில்லை.

அந்தத் தாய் இதை வாசிப்பாரானால், ஒரு வேண்டுகோள்: வரும் ஞாயிறு குழந்தையை வெறுங்கையோடு கொண்டுவாருங்கள். நாங்கள் எல்லாரும் அதனோடு பேசுகிறோம்.

உங்கள் பங்குச் சுவாமி